குறிப்பில் ஏறாத பசி

தருவைக்குடித் தொகுதியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பன்னிரண்டே காலுக்குப் பசி போயிற்று. ஒருத்தருக்கு ரெண்டு பேருக்கு அல்ல, பன்னிரண்டு லட்சம் பேருக்கும் ஒரே நேரத்தில். சோற்றில் கை வைத்தவன் கையை எடுத்தான், இலைக்கு முன்னால் உட்கார்ந்தவன் எழுந்தான், அவ்வளவுதான். காரணம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. நாடாளுமன்றத்தில் ஒரு சொல்லை அவைக்குறிப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். சொல்லோடு சேர்ந்து அதுவும் போய்விட்டது.

சொன்னவர் கோயில்பிள்ளை. எதிர்க்கட்சி எம்.பி. மூன்றாம் தடவை. வயது அறுபத்தெட்டு, எடை நூற்றுப் பத்து. பதின்மூன்று வருஷமாக அதே நாலு விஷயத்தை எழுந்து எழுந்து கேட்டவர், பதின்மூன்று வருஷமாகப் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற அதே பதிலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவர். தமிழில்தான் பேசுவார். காதுக்கருவி மாட்டியவர்களுக்கு மொழிபெயர்ப்புக் கேட்கும், மாட்டாதவர்களுக்கு அதுவும் இல்லை, மாட்டாதவர்கள்தான் அதிகம்.

அன்றைக்கு மந்திரி எழுந்து, உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமெல்லாம் கொடுத்தாயிற்று, எல்லாரும் சௌக்கியம் என்று படித்தார். கோயில்பிள்ளை எழுந்து, “மந்திரி சொல்வது பச்சைப் பொய், என் ஜனம் பசியில் கிடக்கிறது” என்றார். ஆளுங்கட்சி வரிசை மேஜையைத் தட்டிக் கூச்சல் போட்டது. சபாநாயகர் கண்ணாடியை மூக்கில் ஏற்றி, “அந்தத் தகாத சொல் குறிப்பில் ஏறாது” என்றார். எந்தச் சொல் என்று சொல்லவில்லை. சொல்லும் வழக்கமும் இல்லை.

கீழே உட்கார்ந்து குறிப்பெழுதும் அதிகாரிக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். அந்த வாக்கியத்தை இரண்டு தடவை படித்தார். பொய் என்பது அந்த மண்டபத்தில் நாளுக்கு நாற்பது தடவை புழங்குகிற சொல், அதில் தகாதது என்ன இருக்கிறது? பசி என்பதைத்தான் இந்த ஆட்சி வந்த பிறகு யாரும் வாய்விட்டுச் சொல்லக் கேட்டதில்லை. சிவப்பு மையால் பசியை அடித்தார், மேலே மூன்று நட்சத்திரம் போட்டார். பொய் அப்படியே இருந்தது.

கோயில்பிள்ளைக்கு முதலில் தெரிந்தது தன் வயிற்றில்தான். கேண்டீனில் அவருக்கென்று ஒரு மேஜை உண்டு. அவர் உட்கார்ந்தால் சப்ளையர் கேட்காமலே இரண்டு தட்டு கொண்டுவருவான். அன்றைக்குத் தட்டு வந்தது, ஆவி பறந்தது, கை போகவில்லை. வயிறு நிறைந்திருந்ததா என்றால் அதுவும் இல்லை. வயிறு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. அவரும் அந்தத் தொகுதி வாக்காளர்தானே. டாக்டரிடம் போனார். டாக்டர் சந்தோஷப்பட்டார்.

ஊரில் இதை யாரும் அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் பேப்பரில் மூன்று நட்சத்திரத்தோடு பேச்சு வந்திருந்தது. டீக்கடையில் படித்தார்கள். “அண்ணாச்சி பேச்சுல பசியை எடுத்துட்டானுவளாம்ல, அதாம் நமக்குப் போயிட்டு” என்று ஒருத்தன் சொன்னான், மற்றவர்கள் “அப்படியா” என்றார்கள், பேச்சு மழையின் பக்கம் திரும்பிவிட்டது. டீக்கடைக்காரர் மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு வடைச்சட்டியைக் கவிழ்த்துவைத்தார்.

முதல் வாரம் கொண்டாட்டம். பெண்டுகள் அடுப்பாங்கரைக்குப் போகாமல் கால் நீட்டி உட்கார்ந்தார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மத்தியானமும் விளையாடின, மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் அப்பளம் வரவில்லை என்று சண்டை போடாத முதல் கல்யாணம் அந்த ஊரில் அப்போதுதான் நடந்தது. பரோட்டாக்கடை மாரிதாசன் கல்லைத் துடைத்துத் துணியால் மூடி, அதன்மேல் உட்கார்ந்து செல்போன் ரீசார்ஜ் செய்ய ஆரம்பித்தான். தவக்காலம் வந்தது. பங்குச்சாமியார் பிரசங்கத்தில் வருத்தப்பட்டார்: “பசிக்காதவன் ஒருசந்தி நோன்பு இருந்தா அது என்னய்யா ஒருசந்தி? ஆண்டவர் என்னத்த எண்ணிக்கிடுவாரு?” நாய்க்கும் காக்காய்க்கும் மட்டும் பசி போகவில்லை. கோயில்பிள்ளை ‘என் ஜனம்’ என்றுதான் சொல்லியிருந்தார்.

இரண்டாம் வாரம் அரசாங்கம் வந்தது. ஊர் எல்லையில் சிமெண்ட் வளைவு கட்டி ‘பசியற்ற முதல் தொகுதி’ என்று எழுதி, மந்திரியே வந்து ரிப்பன் வெட்டி, சத்துணவையும் ரேஷன் அரிசியையும் வேறு தொகுதிக்கு மாற்றிவிட்டுப் போனார். மூன்றாம் வாரம் உப்பள முதலாளி தனுஷ்கோடி கூலியைப் பாதியாக்கினார். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது, நியாயத்தோடுதான் சொன்னார். “கூலிங்கது எதுக்குவே? வயித்துக்கு. வயிறுதான் கேக்கலையே, நீரு ஏன் கேக்கீரு?” கேட்டவர்கள் பாதிக் கூலியை வாங்கிக்கொண்டு போனார்கள். கோபம் வருவதற்கும் கொஞ்சம் பசி வேண்டியிருந்தது, அது இல்லை. பாத்தியில் உப்பு வாரும்போது ஆட்கள் சத்தமில்லாமல் மடங்கி விழுந்தார்கள். எழுப்பி, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், எந்தக் காலையில் என்று கேட்டார்கள். சங்கு ஊதினால் எல்லாரும் ஒரு வாய் சாப்பிட வேண்டும் என்று பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டார்கள். நாலு நாள் சாப்பிட்டார்கள். அப்புறம் சங்கு ஊதுகிறவனே மறந்துபோனான்.

கோயில்பிள்ளை ஊருக்கு வந்தார். ரயிலடியில் மாலை போட்டார்கள். அந்த மாலைகளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றாள். சுடலைவடிவு, உப்பளத்தில் உப்புச் சுமக்கிறவள். தோளில் எட்டு மாசப் பிள்ளை.

“ஒங்களுக்கு நான் ஓட்டுப் போடல அண்ணாச்சி. அதை மொதல்ல சொல்லிருதேன்.”

“சரிம்மா.”

“இவன் அழமாட்டேங்கான்.”

“நல்ல பிள்ளைதானே?”

“நல்ல பிள்ளையா? அண்ணாச்சி, இவனுக்குப் பால் வேணும்னு தெரியல. மாரை வாயில வச்சா மரக்கட்ட கணக்கா இருக்கான். பால்சங்குல ஊத்துதேன், கடைவாய் வழியா வழியுது. நாமளாவது மணியப் பாத்து ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கிடலாம். இவனுக்கு மணி பாக்கத் தெரியுமா? ஏழு கிலோ இருந்தான். இப்பம் அஞ்சு. நர்ஸம்மா நோட்டுல எழுதிட்டு எழுதிட்டுப் போறா.”

கோயில்பிள்ளை பிள்ளையை வாங்கினார். தேர்தல் சமயத்தில் ஆயிரம் பிள்ளைகளைத் தூக்கிப் போட்டோ எடுத்துக்கொண்ட கை அது, எடை தெரியும். மாலைகளில் ஒன்றைவிட இலேசாக இருந்தான். கண் திறந்திருந்தது. ஒரு குறையும் இல்லாதவன்போல அவரையே பார்த்தான்.

“பேசிப் போக்குனது நீங்க. பேசிக் கொண்டாங்க,” என்றாள் சுடலைவடிவு. பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கே வண்டி ஏறினார்.

சபாநாயகரின் அறைக்குப் போய், அந்தச் சொல்லைத் திருப்பிப் போட்டுவிடுங்கள் என்று கேட்டார். “போன சொல் போனதுதான். விதி” என்றார் சபாநாயகர். எந்த விதி என்று கேட்டதற்கு ஒரு தடித்த புத்தகத்தைக் காட்டினார், திறக்கவில்லை. சபையில் எழுந்து அந்தச் சொல்லை மறுபடி சொன்னார். நீக்கிய சொல்லைத் திரும்பச் சொன்னதால் அதுவும் ஏறாது என்றார்கள். ஒன்பது தடவை சொன்னார், ஒன்பது தடவையும் நட்சத்திரம்தான். ஆளுங்கட்சிக்காரர்கள் பிரஸ்ஸைக் கூப்பிட்டு, ஜனத்துக்குப் பசி வேண்டும் என்று கேட்கிற ஒரே அரசியல்வாதி இவர்தான் என்று சிரித்தார்கள். அவர் கட்சித் தலைவர் போனில் கூப்பிட்டு வைதார். “யோவ், நமக்கு ஓட்டே அதை வச்சுத்தான்யா. அது எனக்குத் தெரியாதா? அதுக்காக வெளிய நின்னு கேக்குறதா? வெக்கமா இருக்கு.”

தினம் காலையில் சுடலைவடிவுக்குப் போன் செய்தார். அவள் எண்ணை மட்டும்தான் சொல்வாள். “நாலு எண்ணூறு.” அடுத்த நாள், “நாலு அறுநூறு.” வேறு பேச்சு இல்லை.

கூட்டத்தொடர் முடிய ஒரு நாள் இருந்தபோது, வராண்டாவில் அந்தக் குறிப்பெழுதும் அதிகாரியைப் பிடித்தார். மனுஷன் இளைத்திருந்தார். தருவைக்குடிச் செய்தியைப் படித்தவர்தான், தான் அடித்த சொல்லால் வந்தது என்று தெரிந்தவர்தான்.

“நீங்க சொன்னா நான் அடிக்கணும் சார். மந்திரி சொன்னாலும் எதிர்க்கட்சி எதிர்த்தா அடிக்கணும். ஒருத்தர் சொல்றதை மட்டும் அடிக்க எனக்கு அதிகாரம் இல்லை.”

“யாரு?”

“சபாநாயகர். அவர் தும்மினாலும் எழுதியாகணும்.”

கோயில்பிள்ளை அவரை அப்படியே கட்டிக்கொண்டார். இளைத்தும் நூறு கிலோ. அதிகாரியின் பேனா முறிந்தது.

கடைசி நாள். பன்னிரண்டே முக்காலுக்கு அவர் முறை. மூன்று நிமிஷம். ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி. அந்தச் சபையில் ஒரு பழைய வழக்கம் உண்டு: உறுப்பினர் ஒருவர் வாக்கியத்தை முடிக்கும்முன் சபையை ஒத்திவைக்கக்கூடாது. யார் வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. வாக்கியம் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

கோயில்பிள்ளை எழுந்து, தண்ணீர் குடித்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

“மதிப்புக்குரிய சபாநாயகர் அவர்களே, என் தொகுதியில் ஆற்றுக்கு நடுவே ஒரு பாலம் இருக்கிறது, அந்தப் பாலத்துக்கு இந்தப் பக்கமும் ரோடு இல்லை, அந்தப் பக்கமும் ரோடு இல்லை, ஆகையால் அந்தப் பாலத்தில் ஆடு மட்டும் ஏறி நிற்கிறது, அந்த ஆட்டுக்குச் சொந்தக்காரி உப்பளத்தில் வேலை செய்கிறாள், அவளுக்கு ஆண்பிள்ளைக்குக் கொடுக்கிற கூலியில் முக்கால்தான், ஏன் என்று கேட்டால் அவள் தலை சின்னதாம், சுமையும் சின்னதாம், சுமையை நிறுத்துப் பார்த்தால் ஒரே எடைதான், அவள் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் ஐந்நூறு பெண்பிள்ளைகளுக்கு ஒரே கக்கூஸ், அதற்கும் பூட்டு, சாவி தலைமையாசிரியரிடம், தலைமையாசிரியர் தேர்தல் வேலையில், தேர்தல் முடிந்து இரண்டு வருஷம் ஆயிற்று, அவர் இன்னும் வரவில்லை, அவள் புருஷனுக்கு வெள்ளை உப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் போயிற்று, கண் போகாமலிருக்க இந்த அரசாங்கம் கறுப்புக் கண்ணாடி கொடுத்தது, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் நாலாயிரம் கண்ணாடியும் பிள்ளைகள் சைஸ், ஆகையால் பிள்ளைகள் கண்ணாடியோடும் பெரியவர்கள் கண்ணில்லாமலும்…”

மணி அடித்தது. மாற்றுத் தலைவர்களாக நாற்காலியில் உட்காரத் தகுதியுள்ள நாலு பேரும் முதல் அடிக்கே கேண்டீனுக்கு ஓடியவர்கள், பிடித்து உட்கார்த்திவிடுவார்கள் என்று பயந்து திரும்பவேயில்லை. சபாநாயகர் நாற்காலியில் மாட்டிக்கொண்டார்.

“உறுப்பினர் முடிக்கலாம்.”

“…முடிக்கிறேன் ஐயா, முடிப்பதற்கு முன்னால் அந்தக் கண்ணில்லாதவர்கள் மனுக் கொடுக்கப் போகிற ஆபீஸ் இரண்டாம் மாடியில் இருப்பதையும், அதற்கு லிஃப்ட் வைக்கக் குழி தோண்டி விட்டுவிட்டதையும், அந்தக் குழியில் இதுவரை விழுந்தவர்கள் பெயரையும் வரிசையாகச் சொல்லி…”

சொன்னார். பதினேழு பெயர். மைக்கை அணைத்தார்கள். கடல் காற்றில் கத்திப் பழகிய தொண்டை, மைக் இருந்ததைவிட நன்றாகக் கேட்டது. ஒன்றரைக்கு அவர் பனையேறிகள் பென்ஷனில் இருந்தார். இரண்டு மணிக்கு ஊரில் நிற்காமல் போகிற ரயிலில் இருந்தார், அதன் ஒவ்வொரு பெட்டியாகச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் மூவர் மாறினார்கள், நாலாமவர் அழுதார். தூங்கின உறுப்பினர்கள் விழித்து, அவர் இன்னும் பேசுவதைப் பார்த்து மறுபடி தூங்கினார்கள். கீழ்த்தளத்திலிருந்து தாளித்த வாசனை குளிர்சாதனக் குழாய் வழியாக ஏறி வந்து ஒவ்வொரு மூக்காக நின்று விசாரித்துவிட்டுப் போயிற்று. எல்லாரும் நெளிந்தார்கள். அவர் நெளியவில்லை. அவருக்குத்தான் இல்லையே. ஒரு மாசமாக இல்லாதது இன்றைக்கு உதவிற்று. அன்று காலையில் சுடலைவடிவு சொன்ன எண் மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. மூணு தொள்ளாயிரம். கமா போட்டார், மேலே போனார்.

சபாநாயகருக்குச் சர்க்கரை வியாதி. ஒரு மணிக்கு மாத்திரை, ஒன்று ஐந்துக்குச் சாப்பாடு. இரண்டரைக்குச் சட்டைப்பையில் மிட்டாய் தேடினார், இல்லை. மூன்றுக்கு முகம் வெளுத்தது. அவர் கெஞ்சினார், மிரட்டினார், சஸ்பெண்ட் செய்வேன் என்றார். சஸ்பெண்ட் செய்யவும் வாக்கியம் முடிய வேண்டும். “…என்று மரியாதையாகச் சொல்கிற நம் சபாநாயகர் அவர்களின் பொறுமைக்கு நன்றி கூறி, அந்தப் பொறுமையைப் போலவே நீண்டு கிடக்கிற எங்கள் ஊர் வடிகால் திட்டத்துக்கு வருகிறேன், அது எண்பத்திரண்டில் ஆரம்பித்தது…” என்று கோயில்பிள்ளை திரும்பியபோது, மூன்று பதினேழுக்கு, சபாநாயகர் நாற்காலியிலிருந்து எழுந்து, கண்ணாடியைப் பிடுங்கி எறிந்து, அந்த மண்டபம் கட்டிய நாளிலிருந்து கேட்டிராத குரலில் கத்தினார்.

“உட்காருமய்யா! பசிக்குது! எனக்குப் பசிக்குது, எல்லாருக்கும் பசிக்குது!”

தூங்கினவர்கள் எல்லாம் விழித்துக்கொண்டார்கள். கோயில்பிள்ளை கீழே பார்த்தார். அதிகாரி கடன் வாங்கிய பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு எழுத்து விடவில்லை. ‘எல்லாருக்கும்’ என்பதைக் கொஞ்சம் அழுத்தியே எழுதினார்.

அப்போது கோயில்பிள்ளைக்கு வயிற்றில் ஏதோ புரண்டது. உறுமிற்று. பக்கத்து வரிசைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு உறுமிற்று. ஒரு மாசப் பசி, சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்த் திரும்பி வந்த மனுஷனைப்போல வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

“முற்றுப்புள்ளி,” என்றார்.

எல்லாரும் கதவை நோக்கி ஓடினார்கள். சபாநாயகர்தான் முதல் ஆள். கோயில்பிள்ளை வராண்டாவில் தூணில் சாய்ந்துகொண்டு போன் செய்தார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி செய்தார். எடுக்கவில்லை. அந்த நேரத்தில் தருவைக்குடியில் யாரும் போன் எடுக்கவில்லை. மாரிதாசன் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தவன் பதறி எழுந்து அடுப்பைப் பற்றவைக்கிறான், முன்னால் நூறு பேர் நிற்கிறார்கள், அவனே மாவைப் பச்சையாகத் தின்கிறான். உப்பளத்தில் பாத்தியை அப்படியே விட்டுவிட்டு ஆணும் பெண்ணும் தனுஷ்கோடி பங்களா கேட்டுக்கு நடக்கிறார்கள், கையில் வாருபலகை. அவர் பால்கனியில் நின்று “என்னவே, என்ன வேணும்?” என்கிறார், அவர் வயிறும் அதே நேரத்தில் சத்தம் போடுகிறது, கீழே நிற்கிறவர்கள் அதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள், சிரித்துக்கொண்டே கேட்டை அசைக்கிறார்கள். அன்றைக்கு அந்த சிமெண்ட் வளைவும் மிஞ்சவில்லை. இதெல்லாம் கோயில்பிள்ளைக்கு அப்புறம்தான் தெரியும். இப்போது அவர் காதில் மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

ஆறாம் தடவை எடுத்தாள். அவள் பேசும்முன் அது கேட்டது. முதலில் பூனையோ என்று நினைத்தார். அவ்வளவு மெலிசு. பிறகு மூச்சு இழுத்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, மண்டை வெடிக்கிற மாதிரி ஒரு கத்தல். அந்தச் சபையில் பதின்மூன்று வருஷத்தில் அவ்வளவு தெளிவான கோரிக்கையை அவர் கேட்டதில்லை.

“அண்ணாச்சி,” என்றாள் சுடலைவடிவு.

“எம்மா.”

“காது கிழியுது.”

“கத்தட்டும்மா. கத்தட்டும்.”

“ரெண்டு பக்கமும் குடிச்சுட்டான், இன்னும் வேணுமாம். கடிக்கான் அண்ணாச்சி, பல்லு இல்லாமலே கடிக்கான்.” மூக்கை உறிஞ்சினாள். “எனக்கும் கொலப்பசி. வீட்ல ஒரு மணி அரிசி இல்ல. ரேஷனை நிப்பாட்டிட்டானுவள்லா. அதுக்கு என்ன செய்யப் போறிய?”

கோயில்பிள்ளைக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, பசியில். கேண்டீன் மூன்று மணிக்கே மூடியாயிற்று. சட்டைப்பையில் கைவிட்டார், ஒரு காகிதமும் பேனாவும் இருந்தன.

“சொல்லும்மா. எழுதிக்கிடுதேன்,” என்றார்.

“அந்த எழுத்தெல்லாம் அங்க வச்சுக்கிடுங்க. அரிசி எப்ப வரும்? அதைச் சொல்லுங்க,” என்றாள் அவள். பின்னால் பிள்ளை கத்திக்கொண்டே இருந்தான்.